சொந்த அனுபவமா?

என் முதல் கவிதைத் தொகுப்புக்கு ஒரு சின்ன அரங்கில் விமர்சனக் கூட்டம் வைத்தார்கள். நாற்பது பேர் வந்திருப்பார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு கேள்வி நேரம். பெரியவர் ஒருவர் எழுந்தார். தமிழ் படித்தவர், மரபுக் கவிதை எழுதுகிறவர். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்தக் கவிதைங்கள்ல வர்றதெல்லாம் உங்க சொந்த அனுபவமா?" என்று கேட்டார். அரங்கில் பாதிப் பேர் திரும்பி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவரைப் பார்த்தார்கள். நான் ஏதோ சொல்லிச் சிரித்து மழுப்பினேன். அந்தத் தொகுப்பில், ஆசிரிய விருத்தத்தின் ஓசையை உடைத்து உரைநடைக்குள் வைத்துப் பார்த்த ஆறு கவிதைகள் இருந்தன. அந்த ஆறுக்கு மட்டும் இரண்டு வருடம் உழைத்திருந்தேன். விருத்தம் எழுதத் தெரிந்த அந்தப் பெரியவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி துறை வராந்தாவில் என்னை நிறுத்தி இயர்போனின் ஒரு பக்கத்தை நீட்டினாள். "அம்மா, இந்தப் பாட்டக் கேளுங்க. இவங்க ரெண்டு பேரும் லவ் பண்ணாங்க. பிரிஞ்சதுக்கப்புறம் அதையே பாட்டா எழுதி, ரெண்டு பேரும் சேர்ந்தே பாடியிருக்காங்க." பாட்டு ஓடியது. ஆனால் நான் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டை இல்லை. இதில் விட்டுப் போனவள் யார், விடப்பட்டவள் யார் என்றே மனம் துழாவிக்கொண்டிருந்தது. முடிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி: "இப்பவும் ரெண்டு பேரும் பேசிக்கிறாங்களா?"

வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் உறைத்தது. அந்தப் பெரியவர் என்னிடம் கேட்டதைத்தான் நான் இன்னும் இரண்டு பெண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை அந்தக் கேள்விக்கு எதிராக எழுதுகிறேன். அதைக் கேட்ட எனக்கும் எதிராகத்தான்.

அன்று நான் கேட்ட பாட்டின் பெயர் 'ஒன் மோர் அவர்'. ஸ்லேட்டர்-கின்னி என்ற அமெரிக்க ராக் குழுவின் 'டிக் மீ அவுட்' ஆல்பத்தில் இரண்டாவது பாட்டு. 'என்னைத் தோண்டி வெளியே எடு' என்பதுபோலப் பொருள்படும் தலைப்பு. 1997 ஏப்ரலில் வெளிவந்தது. பதின்மூன்று பாட்டுகள், மொத்தம் ஏறக்குறைய முப்பத்தாறு நிமிடம். கோரின் டக்கர், கேரி பிரவுன்ஸ்டீன் இருவரும் பாடி கிட்டார் வாசிக்கிறார்கள். டிரம்ஸ் ஜேனட் வைஸ். வெளிவந்தபோது டக்கருக்கு 24 வயது, பிரவுன்ஸ்டீனுக்கு 22, வைஸுக்கு 31. வைஸ் இந்தக் குழுவோடு சேர்ந்து செய்த முதல் ஆல்பம் இதுதான்.

குழு உருவானது வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில். பக்கத்து ஊரில் உள்ள ஒரு சாலையின் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆல்பத்தை வெளியிட்ட கில் ராக் ஸ்டார்ஸும் ஒலிம்பியாவில் பிறந்த சிறு நிறுவனம். 'இண்டி' என்று இதைத்தான் சொல்கிறார்கள்: பெரிய கம்பெனிகளின் பணமும் விளம்பரமும் இல்லாமல், சொந்த வட்டத்துக்குள் பதிவு செய்து, சொந்தக் கையால் பரப்பும் இசை. சிறுபத்திரிகை மரபில் வளர்ந்த நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நூறு பிரதி அச்சடித்து, தபாலில் அனுப்பி, வாங்கியவர் முகம் தெரிந்த உலகம்.

அந்த உலகத்துக்குள்ளும் பெண்கள் தனியாகப் போராட வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒலிம்பியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் 'ரயட் கேர்ள்' என்ற இயக்கம் கிளம்பியது. 'கேர்ள்' என்ற சொல்லில் 'ஆர்' எழுத்தை இரண்டு மூன்று முறை எழுதினார்கள், உறுமல்போல் ஒலிக்கட்டும் என்று. நகலெடுத்த சிற்றேடுகள், கூட்டங்கள், கச்சேரிகள். மேடைக்கு முன்னால் ஆண்கள் முட்டி மோதி ஆடும் இடத்தில், பெண்கள் முன்னால் வரட்டும் என்று பாடகிகள் மேடையிலிருந்தே சொன்னார்கள். டக்கரின் முந்தைய குழு ஹெவன்ஸ் டு பெட்ஸி. 1991 ஆகஸ்டில் ஒலிம்பியாவில் நடந்த இண்டி இசை மாநாட்டில் முதல் இரவு முழுவதையும் பெண்களுக்கென்று ஒதுக்கினார்கள். அந்தக் குழு மேடையேறியது அங்கேதான். பிரவுன்ஸ்டீன் வந்தது எக்ஸ்க்யூஸ் 17 என்ற குழுவிலிருந்து.

பெரிய பத்திரிகைகள் இந்தப் பெண்களைத் தேடி வந்தன. என்ன உடுத்துகிறார்கள், உடம்பில் என்ன எழுதிக்கொள்கிறார்கள், யாருக்கு என்ன கொடுமை நடந்தது என்று கேட்டு எழுதின. என்ன வாசிக்கிறார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. இயக்கத்தில் இருந்த பெண்கள் 1992 வாக்கில் ஒரு முடிவெடுத்தார்கள்: இனிப் பெரிய பத்திரிகைகளோடு பேசுவதில்லை. இதைச் சிலர் இன்னமும் அடம் என்கிறார்கள். என் கணக்கில், தங்கள் வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறப்பதும் மூடுவதும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதுதான் அது.

அந்தக் கதவு உடைக்கப்பட்டது. 1996இல் 'ஸ்பின்' இதழில் வந்த கட்டுரை ஒன்று, டக்கரும் பிரவுன்ஸ்டீனும் காதலர்களாக இருந்ததை அவர்கள் ஒப்புதல் இல்லாமலே அச்சில் ஏற்றியது. வீட்டில் அதுவரை சொல்லியிருக்கவில்லை. இதை பிரவுன்ஸ்டீன் 2015இல் வெளிவந்த தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். இருபத்தோரு, இருபத்திரண்டு வயதுப் பெண். தான் யார் என்று தனக்கே முழுதாகச் சொல்லிப் பார்க்காத பருவம். அந்த நேரத்தில் நாடு முழுக்க விற்கும் ஓர் இதழ் அவளை முந்திக்கொண்டு அவள் வீட்டுக்குச் சொல்லிவிடுகிறது. நம் ஊரில் ஒரு பெண்ணின் செல்போனை எடுத்துப் பார்த்துவிட்டு அவள் அப்பாவுக்கு அழைத்துச் சொல்கிற தெருக்காரரின் வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அச்சு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு வந்ததுதான் 'ஒன் மோர் அவர்'. அது தங்கள் பிரிவைப் பற்றிய பாட்டு என்று அவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். ஒரு பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்வது வேறு, அதை மற்றவர் உரித்துப் போடுவது வேறு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஆனால் அவர்கள் சொன்ன பிறகும் நாம் எதைக் கேட்கிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தப் பாட்டை நான் மறுபடி மறுபடி கேட்டேன், கதையை ஒதுக்கிவைத்துவிட்டு. முதலில் கவனித்தது, இந்தக் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது. ராக் இசையில் அடித்தளம் போடுவது பேஸ். அது இல்லாவிட்டால் கட்டடத்துக்குக் கடைக்கால் இல்லாததுபோல. இவர்கள் அதற்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். இரண்டு கிட்டார்களின் சுருதியையும் வழக்கத்தைவிட மூன்று அரைச்சுரம் கீழே இறக்கி, 'சி ஷார்ப்'பில் வைத்துக்கொண்டார்கள். டக்கரின் கிட்டார் பெரும்பாலும் கீழே நின்று கனத்தைத் தாங்குகிறது. பிரவுன்ஸ்டீனின் கிட்டார் மேலே கூர்மையாகக் குறுக்கே ஓடுகிறது. ஒன்று விட்ட இடத்தை மற்றது எடுக்கிறது. தனியாகக் கேட்டால் இரண்டும் அரைகுறை, சேர்ந்தால்தான் பாட்டு.

குரலும் அப்படித்தான். சேர்ந்து பாடுகிறார்கள் என்று மாணவி சொன்னாள். நம் சினிமா டூயட்போல ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்குவதோ, இருவரும் ஒரே வரியை ஒன்றாகப் பாடுவதோ இங்கே இல்லை. டக்கர் ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கும்போதே பிரவுன்ஸ்டீன் வேறு சொற்களோடு வேறு மெட்டில் உள்ளே வருகிறார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கிறாரா, மறுக்கிறாரா, சமாதானம் சொல்கிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தாளம் மட்டும் இருவருக்கும் ஒன்று. பிரிவு என்ற பொருளைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் கேட்கப்படாமல் போகிற நிலை அந்த அமைப்பிலேயே இருக்கிறது. இதை எழுதியவர்கள் காதலர்களாக இருந்தார்களா என்பது தெரியாமலே இது புரியும். தெரிந்துகொண்டு கேட்டால், பலருக்கு இது புரியாமலே போய்விடுகிறது. எனக்கு அப்படித்தான் போனது.

ஆண்களின் பாட்டுகளையும் வாழ்க்கையோடு சேர்த்துத்தானே வாசிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மை. பாப் டிலனின் 'பிளட் ஆன் தி டிராக்ஸ்' 1975இல் வந்தது. அவருடைய மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்த காலம். அதைச் சொல்லாமல் அந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அது சொந்தக் கதை என்பதை டிலன் மறுத்தும் வந்திருக்கிறார். ஆனால் அங்கே கணக்கு எப்படி முடிகிறது என்று பாருங்கள். அவர் பட்ட துன்பம் மேதைமைக்கு எரிபொருளாக வைக்கப்படுகிறது. வரிகளைப் பிரித்துப் படிக்கிறார்கள், வரைவுகளை ஒப்பிடுகிறார்கள், பல்கலைக்கழகங்களில் பாடம் வைக்கிறார்கள். 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் வந்தது. ஆணின் வாழ்க்கை அவன் படைப்புக்குள் கொண்டுபோய்விடும் வாசல். பெண்ணின் வாழ்க்கை தெரிந்துவிட்டால் அதோடு முடிந்தது. "ஓ, அவளுக்கு நடந்ததா!" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நடந்ததைத்தானே எழுதினாள், அதில் அவள் திறமை என்ன இருக்கிறது என்பது சொல்லப்படாத முடிவு.

'சொந்த அனுபவமா?' என்பதற்கு அமெரிக்க ராக் உலகில் ஒரு தங்கை உண்டு. 'குழுவில் பெண்ணாக இருப்பது எப்படி இருக்கிறது?' சோனிக் யூத் குழுவின் கிம் கார்டன் இந்தக் கேள்வியை எவ்வளவு முறை கேட்டிருந்தால், 2015இல் வந்த தன் நினைவுநூலுக்கு 'கேர்ள் இன் எ பேண்ட்' என்றே பெயர் வைத்திருப்பார்! பிரவுன்ஸ்டீனும் இந்தக் கேள்வியால் களைத்ததை எழுதியிருக்கிறார். கேள்வி மரியாதையானதுதான். கேட்பவர் பெரும்பாலும் நல்லவர்தான். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் பத்து நிமிடத்தில் கிட்டாரின் சுருதியைப் பற்றிப் பேச நேரம் இருக்காது. ஒவ்வொரு நேர்காணலிலும் பத்து நிமிடம், பத்து வருடம். ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

'டிக் மீ அவுட்' இதை அறிந்தே செய்த வேலை. 'லிட்டில் பேபீஸ்' என்ற பாட்டில் ஒரு குரல் எல்லாரையும் ஊட்டித் தேற்றிப் பார்த்துக்கொள்ள முன்வருகிறது. மேடையிலும் பெண் தாயாகவே இருக்க வேண்டும் என்ற ரசிகரின் எதிர்பார்ப்பை, குழந்தைப் பாட்டு மெட்டிலேயே கேலி செய்கிறார்கள். 'வேர்ட்ஸ் அண்ட் கிட்டார்' சொல்லையும் கிட்டாரையும் தவிர வேறெதையும் பற்றியது இல்லை. எனக்கு வேண்டியது இந்த இரண்டும்தான் என்று துள்ளுகிற பாட்டு. ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். கிங்க்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆண்கள் குழு 1965இல் வெளியிட்ட 'தி கிங்க் கான்ட்ரவர்ஸி' ஆல்பத்தின் அட்டையை அப்படியே நினைவுபடுத்தும்படி செய்திருக்கிறார்கள்: கிட்டார், அதோடு குழுவினரின் படங்கள். நாங்களும் இந்த மரபில் வந்தவர்கள், எங்களை அந்த வரிசையில் வைத்துப் பேசுங்கள் என்று அட்டையிலேயே எழுதி ஒட்டியதுபோல் இருக்கிறது. இதைவிட வெளிப்படையாக ஒரு படைப்பாளி வேறென்ன சொல்ல முடியும்? அப்படியும் பேச்சு படுக்கையறைக்கே போனது.

இனி டக்கரின் குரல். பலரை இந்தக் குழுவிடமிருந்து விலக்கி நிறுத்துவது அதுதான். நடுங்கி அதிர்ந்து, உச்சியில் போய் அலறும் குரல். பெண் குரல் என்றால் நமக்குக் குயில் வேண்டும், தேன் வேண்டும். தாலாட்டுவதற்கும் காதலிப்பதற்கும் பயன்பட வேண்டும். ஒப்பாரி வைக்க மட்டும் உரக்க அனுமதி உண்டு, அதுவும் வேறொருவர் செத்தால். லெட் செப்பலினின் ராபர்ட் பிளான்ட் உச்சத்தில் அலறினால் அது ஆற்றல். டக்கர் அலறினால் 'அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?' முதலாவதைக் கலையாகக் கேட்கிற காது, இரண்டாவதை நோய்க்குறியாகக் கேட்கிறது. பொறுமையாகக் கேட்டால் தெரியும், அந்த அதிர்வு எங்கே தொடங்க வேண்டும், எங்கே அறுபட வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. பேஸ் இல்லாத இசையில் இரண்டு கிட்டார்களுக்கும் டிரம்ஸுக்கும் மேலே ஏறி நிற்க அந்தக் குரல் வேண்டும். அது ஓர் இசைக்கருவியாகப் பழக்கப்பட்ட குரல். அவர் கட்டுப்பாட்டை இழக்கவே இல்லை. இழந்ததாகக் கேட்பது நாம்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். ஒலிம்பியாவின் பத்திரிகைக்காரர்களைத் திட்டிவிட்டு, வகுப்பில் அதையே செய்துகொண்டிருந்தவள் நான்.

அகப்பாட்டில் எவருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. காதலைப் பாடலாம், காமத்தைப் பாடலாம், பிரிவைப் பாடலாம். இன்னார் என்று சொல்லக் கூடாது. தலைவி, தோழி, தலைவன் எல்லாருமே பாத்திரங்கள். எழுதியவளின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு திரை. இப்படி ஒரு திரையை அத்தனை காலத்துக்கு முன்பே நெய்து வைத்த மொழியில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளிவீதியாரை எப்படி நடத்துகிறோம்? கணவனைப் பிரிந்து அவனைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் என்று தொடங்குவோம். அகநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்றில் தலைவி, வெள்ளிவீதியைப்போல நானும் போய்விடவா என்கிறாள். அது ஓர் உவமை. நாம் அதை வாழ்க்கை வரலாறாக்கி, அவருடைய ஒவ்வொரு பாட்டையும் அதற்குச் சாட்சியாக நிறுத்திவிட்டோம்.

ஆனால் குறுந்தொகையின் 58ஆம் பாட்டு வெள்ளிவீதியாருடையது. வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெய் உருகுவதை, கையில்லாத ஊமை ஒருவன் கண்ணால் மட்டும் காவல் காக்கிறான் என்ற புகழ்பெற்ற உவமை அதில்தான் வருகிறது. அந்தப் பாட்டில் பேசுவது பெண் இல்லை. தன்னை இடித்துரைத்த தோழனிடம் தலைவன் சொல்லும் பதில் அது. ஒரு பெண், ஆணின் ஆசைக்குள் புகுந்து, அவன் வாயால் பேசி, தமிழின் மிகச் சிறந்த உவமைகளில் ஒன்றைச் செய்திருக்கிறாள். இதில் எது 'சொந்த அனுபவம்'? பதினைந்து வருடம் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன். கூற்று தலைவனுடையது என்று சொல்வேன், அது தேர்வுக்கு வரும். அதை எழுதியவள் பெண் என்பதோடு சேர்த்து யோசிக்கச் சொன்னதில்லை. அலைந்த மனைவியின் கதையைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுவேன்.

ஆண்டாளிடமும் இதே வேலைதான். துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தை, சூடிக்கொடுத்த மாலை, அரங்கனோடு கலந்தது எல்லாம் என் மாணவிகளுக்குத் தெரியும். நாச்சியார் திருமொழியின் யாப்பைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் தாளில் வெள்ளை இருக்கும். நம் காலத்துக்கு வந்தால், 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்தபோதும், அதையொட்டிப் பெண் கவிஞர்கள்மேல் பாய்ந்தபோதும், பாய்ந்தவர்கள் கவிதையையா படித்தார்கள்? எழுதியவர்களின் ஒழுக்கத்தை விசாரித்தார்கள். அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். அதற்கு அடுத்த வருடமே, ஒரு பெண் கவிஞரின் தொகுப்பைப் பாடமாக எடுத்தபோது, "இவங்க விவாகரத்துக்கு அப்புறம் எழுதினது" என்று சொல்லித்தான் தொடங்கினேன். வகுப்பு உடனே அமைதியானது. எல்லாரும் கவனித்தார்கள். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. ஊர்வம்புக்குக் கூடும் கூட்டத்தை இலக்கிய ஆர்வம் என்று எண்ணிக்கொண்டேன்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நம் பக்கத்திலிருந்தே வருவது. 'தனிப்பட்டது அரசியல்' என்று சொன்னவர்கள் பெண்ணியவாதிகள்தானே? அந்தத் தலைப்பில் கேரல் ஹானிஷ் எழுதிய கட்டுரை 1970இல் அச்சானது. பெண்ணின் வாழ்க்கையைப் பேசாமல் பெண்ணின் எழுத்தை எப்படிப் பேசுவது? வாழ்க்கையைத் துடைத்துவிட்டு வடிவத்தை மட்டும் படி என்பது பழைய பேராசிரியர்களின் பாட்டுத்தானே?

நான் வாழ்க்கையைத் துடைக்கச் சொல்லவில்லை. ஹானிஷ் பேசியது, பெண்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எடுத்து வைத்து, என் சமையலறைப் பிரச்சினை என் ஒருத்தியின் குறை இல்லை, இது ஒரு அமைப்பு என்று கண்டுபிடித்ததைப் பற்றி. ஒருத்தியிடமிருந்து எல்லாருக்கும் போகிற பாதை அது. 'சொந்த அனுபவமா?' அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. எல்லாருக்குமான ஒரு கவிதையைப் பிடித்து இழுத்து, ஒருத்தியின் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறது. என் கவிதையைக் கேட்டு அரங்கில் இருந்த பெண்கள் தங்கள் வீட்டை நினைத்திருக்கலாம். அந்தக் கேள்வி வந்ததும் எல்லாரும் என் வீட்டை நினைத்தார்கள். அவர்கள் தப்பித்தார்கள், அவர்கள் கணவர்களும் தப்பித்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், அது அரசியலை வெளியேற்றும் கேள்வி.

கடைசியாக ஜேனட் வைஸ். இதுவரை அவரைப் பற்றி எத்தனை வரி எழுதினேன் என்று எண்ணிப் பார்த்தேன், கூச்சமாக இருக்கிறது. காதல் கதையில் அவர் இல்லை, அதனால் என் கட்டுரையிலும் இல்லாமல் போய்விட்டார். கதைப்பசி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இரண்டு குரலும் இரண்டு கிட்டாரும் வெவ்வேறு பக்கம் இழுக்கும் அந்தப் பாட்டு சிதறாமல் நிற்பதற்குக் காரணம் அவர் கை. 'டிக் மீ அவுட்' முந்தைய ஆல்பங்களைவிடப் பெரிதாக, உறுதியாக ஒலிப்பதற்கு அவர் வரவு முக்கியமான காரணம். அவருடைய இன்னொரு குழுவான குவாஸியில் சேர்ந்து வாசிப்பவர் அவரது முன்னாள் கணவர். விவாகரத்துக்குப் பிறகும் இருவரும் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். பிரிந்தவர்கள் சேர்ந்து இசைப்பது அத்தனை அதிசயம் என்றால் அதையும்தானே பேசியிருக்க வேண்டும்?

2019 ஜூலையில் வைஸ் ஸ்லேட்டர்-கின்னியை விட்டு விலகினார். தன்னை இனிச் சமமான படைப்பாளியாகக் கருதவில்லை என்பதால் போனதாக அவர் பிறகு ஒரு நேர்காணலில் சொன்னார். இது அவர் தரப்பு. மற்ற இருவருக்கும் அவர்கள் தரப்பு இருக்கும். நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் புகாரைக் கவனியுங்கள். யார் யாரை நேசித்தார் என்பது பற்றியது இல்லை அது. செய்த வேலை யாருடையதாக எண்ணப்படுகிறது என்பது பற்றியது. பெண்கள் மட்டுமே இருக்கும் குழுவிலும், பெண்கள் நடத்தும் பத்திரிகையிலும், பதிப்பகத்திலும், இயக்கத்திலும் இந்தக் கேள்வி எழும். அதற்குக் காது கொடுக்கும் பழக்கம் நமக்கு இல்லை. நம் காதுகளை வேறு சேதிக்குப் பழக்கி வைத்திருக்கிறோம்.

படிக்கிற பெண்களிடம், குறிப்பாக மாணவிகளிடம், ஒன்று கேட்கிறேன். ஒரு பெண் எழுதியதையோ பாடியதையோ எடுத்தால், முதல் கேள்வி அவள் செய்த வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். இதை எப்படிக் கட்டினாள்? எதை விட்டுவிட்டாள்? யாருடைய மரபை எடுத்து என்ன செய்தாள்? யாரோடு சேர்ந்து செய்தாள், அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? அவள் வாழ்க்கையைச் சொல்ல விரும்பினால் சொல்வாள். அவள் சொன்ன அளவு போதும்.

நான் வகுப்பை மாற்றிக்கொண்டேன். வெள்ளிவீதியாரை இப்போது 58ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன், கதை சொல்லாமல். முதல் வருடம் வகுப்பு தூங்கியது. மறைக்க மாட்டேன். இரண்டாம் வருடம் ஒரு பெண் எழுந்து, "கையில்லாதவன், ஊமைன்னு ரெண்டும் ஏம்மா வேணும்? ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள். கை இல்லாததால் வெண்ணெயை எடுக்க முடியாது, வாய் இல்லாததால் ஆளைக் கூப்பிடவும் முடியாது, கண் மட்டும் இருக்கிறது என்று அவளே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். மணி அடித்த பிறகும் மூன்று பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிவீதியாரின் கணவனைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

இயர்போன் கொடுத்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். போகும் முன் அவளிடம் சொன்னேன், அந்தப் பாட்டை நான் அன்று சரியாகக் கேட்கவில்லை, பிறகுதான் கேட்டேன் என்று. "என்னம்மா கேட்டீங்க?" என்றாள். பேஸ் கிட்டார் இல்லை என்பதைச் சொன்னேன். அவள் அதைக் கவனித்ததில்லை. இருவரும் மறுபடி ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து தொடங்கினோம்.